சாமிக்கு விட்ட முடி

அந்தப் பேரைக் கடையில வெச்சுச் சத்தமாச் சொல்லாதே அம்மிணி. கேண்டியாம் கேண்டி. என்ற பேரு கந்தவேல். வெளிய போர்டுல எழுதியிருக்குது பாரு, கந்தவேல் மோட்டார் ஒர்க்ஸ், எல்லா வகை மோட்டாருக்கும் காயில் கட்டித் தரப்படும். முப்பது வருசமா சிங்காநல்லூர்ல இந்தப் பேருலதான் பொழைக்கிறேன். கேண்டின்னு கூப்பிட்டவனுங்க எல்லாம் செத்துப்போனதா நான் முடிவு பண்ணி வெகுநாளாச்சு.

அந்த ஸ்டூல்ல உக்காரு. வார்னிஷ் ஒட்டும், பேப்பரைப் போட்டுட்டு உக்காரு. பேரு என்ன சொன்னே? எஸ்டெல். பென்னி மகள். நீ சொல்லவே வேண்டியதில்லை, அந்தத் தாடையை எங்கிருந்தாலும் கண்டுபிடிச்சுருவேன். டீ குடிக்கிறியா? வேண்டாமா. நல்லதாப் போச்சு, நானும் குடுக்கற மனசுல இல்லை.

நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியும். போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டி. செவ்வாய்க்கிழமை உங்கப்பன் குடும்பத்தோட ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பறான், ஒரேயடியா. போறதுக்கு முந்தி பழைய பேண்டு ஒருதரம் வாசிக்கப்போகுது. எல்லாம் காதுக்கு வந்துருச்சு. அதனால நீ சுத்தி வளைக்க வேண்டாம். நான் வரமாட்டேன். மேடையேற மாட்டேன், பாட மாட்டேன். போய் உங்கப்பன்கிட்டச் சொல்லீரு.

இரு, நான் பேசி முடிச்சர்றேன். வந்ததுதான் வந்தே, கேட்டுட்டே போ. உங்கப்பன் உன்கிட்ட ஒரு கதை சொல்லியிருப்பான், அதுல அவன் நல்லவனா இருப்பான்.

எம்பத்தெட்டு. நானும் உங்கப்பனும் பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருசம். உங்கப்பனோட அத்தை மகன் ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருந்து ஒரு கேசட் அனுப்பியிருந்தான். போத்தனூர்ல உங்க குவார்ட்டர்ஸ் வராந்தாவுல உக்காந்து கேட்டோம். அதுவரைக்கும் என்ற காதுல விழுந்த சத்தம் என்ன தெரியுமா? காலைல மில்லுச் சங்கு, சாயங்காலம் மில்லுச் சங்கு, நடுவுல எங்கப்பன் இருமல். திடீர்னு இந்தக் கித்தார். அட்டைல படம் போட்டிருந்துது. ஆம்பளைங்க நாலு பேரு, கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், முடியை ஒரு முழம் மேல எழுப்பிவிட்டு, சிறுத்தைப்புள்ளி பேண்ட் போட்டுக்கிட்டு, வெக்கமே இல்லாமச் சந்தோசமா நிக்கறானுங்க. சந்தோசமா இருக்கறதுக்கு வெக்கப்பட வேண்டியதில்லைன்னு அதுக்கு முந்தி எனக்கு ஒருத்தனும் சொன்னதில்லை அம்மிணி. அழுகையே வந்துருச்சு. உங்கப்பன் பார்த்தான், பார்க்காத மாதிரி கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

அப்புறம் மூணு நாலு வருசத்துல அந்த மாதிரிப் பாட்டெல்லாம் போச்சு. வந்தானுங்க பாரு, குளிக்காம கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, தரையப் பார்த்தே பாடறவனுங்க. அவனுங்களுக்குப் பேரு கலைஞனாம், நாங்க கோமாளியாம். தலைக்கு ஒரு சீப்பு வாங்க வக்கில்லாதவன் எனக்குச் சங்கீதம் சொல்லித் தர்றானா? இப்ப இருக்கறதைப் பத்தி நான் பேசவே போறதில்லை. போன்ல பாட்டுக் கேக்கறாங்களாம். கேளு, நல்லாக் கேளு.

சரி, பேண்டுக்கு வர்றேன். சில்வர் வைப்பர்ஸ், வெள்ளி விரியனுங்கன்னு அர்த்தம். உங்கப்பன் கித்தார், ஜாபர் டிரம்ஸ், சேஷாத்ரி பேஸ், பாட்டு நான், மேடையில பேரு கேண்டி. சிறுத்தைப்புள்ளித் துணி கோயமுத்தூர்ல எங்க கிடைக்கும்? ஒப்பணக்கார வீதியில சோபாவுக்குப் போடற துணியிலதான் கிடைச்சுது. அதை எடுத்துட்டுப் போய் டெய்லர்கிட்டக் குடுத்து நாலு பேண்டு தைங்கன்னா, அந்த மனுசன் மேலயும் கீழயும் பார்த்துட்டு, சோபா எந்த ஊட்டுல கிடக்குதுன்னு கேட்டான். மேடையில உக்கார முடியாது, உக்காந்தா முட்டியில கிழியும். அதனாலயே ஜாபரு மட்டும் லுங்கித்துணியில தெச்சுக்கிட்டான், டிரம்ஸுக்குப் பின்னால யாருக்குத் தெரியப்போகுது. கண்ணுக்கு மை உங்க பாட்டியம்மா போட்டுவிடும். சிரிச்சுக்கிட்டே போடும், ஆனா கோணாமப் போடும்.

இதெல்லாம் சரி. முடி? முடி இல்லாம அந்தப் பாட்டு ஏது? உங்கப்பனுக்கென்ன, போத்தனூர் ஆங்கிலோ இந்தியன், அவங்க காலனியில முட்டி வரைக்கும் வளர்த்தாலும் கேக்கறதுக்கு ஆளில்லை. எங்கப்பன் மில்லுல மேஸ்திரி. காதுக்கு மேல முடி வந்தா ஞாயித்துக்கிழமை காலைல என்ற கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் கடையில உக்கார வெச்சுருவாரு. அப்பத்தான் நான் மூளையைச் செலவு பண்ணினேன். எனக்கு மூணு அரியர். அம்மாகிட்டப் போய் அழுதேன். அம்மா, பழனி முருகனுக்கு வேண்டிக்கிட்டேன், அரியர் அத்தனையும் தீர்ற வரைக்கும் தலையில கத்தி படாது, தீர்ந்ததும் வந்து மொட்டை போட்டுக்கறேன்னு.

அவ்வளவுதான். சாமிக்கு விட்ட முடி ஆயிப்போச்சு. எங்கப்பன் ஞாயித்துக்கிழமை கடைக்கு இழுத்துட்டுப் போறதை விட்டுட்டாரு. முடி தோளுக்கு வந்துது, முதுகுக்கு வந்துது. சொந்தக்காரங்க வந்தா, பையன் பக்திமான்னு அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. நான் பொய் சொன்னேன்னு நீ நினைக்கிறே. சாமி பேர்ல பொய் சொல்லலை, நான் எப்பவாவது மொட்டை போடறதாத்தான் இருந்தேன். எப்பன்னுதான் சொல்லலை.

கஷ்டம் இல்லாம இல்லை. சனிக்கிழமையானா எங்கம்மா அரை உழக்கு எண்ணெயைத் தலையில ஊத்தித் தேய்க்கும். சாமி முடியாம், காயக்கூடாதாம். எண்ணெய்த் தலை எங்கயாவது நிமிந்து நிக்குமா? சாயங்காலம் போத்தனூருக்கு ஓடி, துணி தொவைக்கற பவுடரைப் போட்டு அலசி, சக்கரைத் தண்ணியைத் தடவி, உங்க பாட்டியம்மா டிரையரை வெச்சு எழுப்பி நிறுத்துவோம். ஒருநாள் பிராக்டீஸ் நடுவுல தலையெல்லாம் எறும்பு. உங்கப்பன் கித்தாரைக் கீழ வெச்சுட்டு ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்தான். பாட்டு நிக்கக்கூடாதுன்னு நான் பாடிக்கிட்டே இருந்தேன். அந்த ஒன்றரை வருசந்தான் நான் உசுரோட இருந்தேன்னு சொல்லோணும். மத்ததெல்லாம் சும்மா நடந்துது.

நாங்களே ஒரு பாட்டுக் கட்டினோம். உங்க போத்தனூர் ஸ்டேசன்ல ரெண்டாவது பிளாட்பாரத்துல ஒரு புள்ளைக்காகக் காத்துக்கிட்டு நிக்கற பாட்டு. மெட்டு உங்கப்பன், வார்த்தை நான். இங்கிலீசுதான். எனக்கு அப்ப இங்கிலீசு அவ்வளவாப் பத்தாது, தமிழ் எழுத்துலதான் எழுதி வெச்சுப் பாடுவேன். பாடறப்ப எவனுக்குத் தெரியும்?

தொண்ணூறு பிப்ரவரி. மெட்ராஸ்ல ஒரு பெரிய காலேஜ்ல போட்டி. ஜெயிக்கற பேண்டுக்கு கேசட் போட்டுத் தர்றாங்கன்னு சொன்னானுங்க. இருபது நாள் இருக்குது. அன்னைக்குப் பார்த்து உங்கப்பன் என்ற ஊட்டுக்கு வந்தான். நான் இல்லை. எங்கம்மா உக்கார வெச்சு முறுக்குக் குடுத்துருக்குது. குடுத்துட்டு, ஏஞ்சாமி, இவனுக்கு இன்னும் அந்தக் கடைசி அரியரு ஒண்ணு நிக்குதாமே, நீயாவது சொல்லிக் குடுக்கக் கூடாதான்னு கேட்டுருக்குது. உங்கப்பன் என்ன சொல்லோணும்? ஆமாங்கம்மா, கஷ்டமான பேப்பருன்னு சொல்லிட்டு முறுக்கைத் தின்னுட்டு வரோணும். அவன் சொன்னான், அதெல்லாம் போன வருசமே பாஸ் ஆயிட்டானேம்மா, எங்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் குடுத்தானேன்னு.

முடிஞ்சுது. எங்கம்மா அங்கயே திருநீறை எடுத்துப் பூசிக்கிச்சு. நான் ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள நாள் குறிச்சாச்சு, மெட்டடோர் வேன் பேசியாச்சு, திருப்பூர் மாமனுக்குத் தாக்கல் போயாச்சு.

என்ன பார்க்கறே? அவனுக்கு வேண்டுதலைப் பத்தித் தெரியாதுன்னு சொல்ல வர்றியா? தெரியாதுதான். நான் பேண்டுல யாருக்கும் சொன்னதில்லை. எங்கப்பன் ரொம்ப நாகரிகமானவரு, அவருக்கே இந்தப் பாட்டுப் புடிக்கும், முடியை வளர்த்துடான்னு சொன்னதே அவருதான்னு சொல்லி வெச்சிருந்தேன். வேற என்ன சொல்றது? சாமிக்கு வேண்டிக்கிட்டு ராக் பாடறேன்னா அவனுங்க என்னை மதிப்பானுங்களா? ஆனா தெரியாதுங்கறது ஒரு சாக்கா அம்மிணி? கூட்டாளின்னா சொல்லாமயே தெரியோணும். எனக்குத் தெரியும், அவனுக்கு நடுவுல நிக்கற மைக்கு மேல ஒரு கண்ணு. நான் பாடறப்பெல்லாம் அவன் வாயும் அசையும். என்ற முடியை எறக்கினா அந்த எடம் அவனுக்கு. இது எனக்கு முப்பத்தஞ்சு வருசமாத் தெரியும்.

பழனிக்குப் போனோம். பதினெட்டுப் பேரு. மொட்டை போடற அண்ணன் முடியைக் கையில புடிச்சுப் பார்த்துட்டு, பொம்பளைப் புள்ளைகளுக்கே இத்தனை அடர்த்தி வராது தம்பின்னாரு. தண்ணியைத் தெளிச்சாரு, நெத்தியில இருந்து கத்தி வெச்சு இழுத்தாரு. மடியில வந்து விழுந்துது. எங்கப்பன் பக்கத்துல நின்னு கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்காரு, எங்கம்மா அழுகுது, சந்தோசத்துல. நானும் அழுதேன். பக்தின்னு நினைச்சு என்ற மாமன் தட்டிக்குடுத்தாரு. சந்தனத்தைப் பூசி, படியேறி, சாமி முன்னால நிக்க வெச்சாங்க. அந்த முருகனும் மொட்டை, நானும் மொட்டை. என்ன கேக்கறதுன்னே தெரியலை.

அடுத்த நாள் உங்கப்பன் வந்தான். வாசல்ல நின்னு என்ற தலையைப் பார்த்தான். பார்த்துட்டுச் சிரிச்சான். ஒரே ஒரு நொடிதான், அப்புறம் கையை வாயில வெச்சுக்கிட்டான். ஆனா சிரிச்சான். அதை நான் இன்னைக்கு வரைக்கும் மறக்கலை. அப்புறம் கூட வந்து உக்காந்து, சாரி மேன், எனக்குத் தெரியாது மேன்னான். முடி போனா என்ன, தொண்டை இருக்குதில்ல, இப்படியே வந்து பாடுன்னான். வியாழக்கிழமை சாயங்காலம் டிரெயின், ஸ்டேசன்ல நாங்க நிப்போம், நீ வராம ஏறமாட்டோம்னான்.

இப்படியே வந்து பாடுன்னா என்ன அர்த்தம்? முடி ஆட ஆடப் பாடறதுக்குப் பேருதான் அந்தப் பாட்டு. சந்தனம் பூசின தலையும் சோபாத்துணியுமா நான் மேடையில நிக்கோணும், மெட்ராஸ்காரன் சிரிக்கோணும், கடைசியில பாட்டை உங்கப்பன் வாங்கிக்கோணும். நான் போகலை. வியாழக்கிழமை காலைலயே திருப்பூருக்குப் பஸ் ஏறி மாமன் பனியன் கம்பெனியில போய் உக்காந்துட்டேன். மூணு லெட்டர் போட்டான். மூணையும் பிரிக்காம வெந்நீர் அடுப்புல வெச்சேன். ஜாபர் ஒருதரம் திருப்பூருக்கே வந்தான், இல்லைன்னு சொல்லச் சொல்லீட்டேன். அவனுங்க மெட்ராஸ் போய் ஒண்ணும் ஜெயிக்கலைன்னு மட்டும் கேள்விப்பட்டேன். நல்லா வேணும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் உங்கப்பன் பெங்களூரு, மஸ்கட்டுன்னு போயிட்டு போத்தனூருக்கே திரும்பி வந்து பத்து வருசமாச்சாம். ஒருநாள் உக்கடத்துல பஸ்ஸுல பார்த்தேன். எறங்கீட்டேன். அடுத்த ஸ்டாப்பிங் கூட இல்லை, சிக்னல்ல எறங்கீட்டேன்.

அதனாலதான் சொல்றேன். நான் பாட வரமாட்டேன். என்ற எடத்துல நின்னு பாடினவன் இன்னைக்கும் அவனே பாடிக்கட்டும்.

என்னது அது? போட்டோவா? கண்ணாடி எங்க வெச்சேன். குடு.

எங்க இது? மெட்ராஸா? பின்னால துணியில எழுதியிருக்குது, ஆமா, அந்தக் காலேஜுதான். யாரிவனுங்க? மூணு மொட்டை. இது உங்கப்பன் கித்தாருதான், அந்தச் செவப்புக் கித்தாரு. இவன்... இது உங்கப்பனா? இது ஜாபரா? சேஷாத்ரியா இது?

எப்படி மொட்டை ஆனானுங்க?

போத்தனூர் சலூன்ல. வியாழக்கிழமை காலைல. மூணு பேரும் ஒட்டுக்கா உக்காந்து. நான் வெக்கப்படக் கூடாதுன்னு.

இவனுங்களுக்குப் பைத்தியமா? பென்னிக்கு இடுப்பு வரைக்கும் முடி, என்னைவிட நல்ல முடி. சேஷாத்ரி அய்யரு ஊட்டுப் பையன், அப்பன் உசுரோட இருக்கயில கோயிலுக்கும் போகாம தலையை மழிச்சுட்டு ஊட்டுக்குள்ள போனா அவங்கம்மா என்ன பாடு படுத்தியிருக்கும். ஜாபர் பொண்ணு பார்த்து வெச்சிருந்தான். யாரு கேட்டா இவனுங்களை? நான் கேட்டனா? மொட்டைத்தலையில நாலு பேரு சிறுத்தைப்புள்ளியப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா எவன் பிரைஸ் குடுப்பான்? புத்தி வேண்டாம்?

பாட்டு யாரு பாடினா? நடுவுல மைக்கு நிக்குது, ஆளைக் காணோம். உங்கப்பன் எங்கயோ ஓரத்துல நிக்கறானே.

யாரும் பாடலையா.

பாடாம என்ன பண்ணினானுங்க? சும்மா வாசிச்சானுங்களா, பாட்டு முழுக்க? கூட்டம் கூச்சல் போட்டுருக்குமே. போட்டுச்சா. செருப்பு வந்துதா. உங்கப்பனுக்கு எல்லா வரியும் தெரியும் அம்மிணி, கூடவே வாய் அசைச்சவன்தானே, அவன் பாடியிருக்கலாம். அவன் ஏன் பாடலை?

சொல்லியிருக்கோணுமில்ல எங்கிட்ட. லெட்டர்ல எழுதினானா. எழுதினா ஆச்சா? நான் படிக்கலைன்னா நேர்ல வந்து சொல்லியிருக்கோணும். ஜாபரு வந்தான்தான், நான் இல்லைன்னு சொன்னா போயிருவானா? கதவை ஒடைச்சுட்டு வந்து தலையைக் காட்டியிருக்க வேண்டாமா? ஒருத்தனுக்கும் துப்பில்லை. முப்பத்தஞ்சு வருசம். என்னை இப்படி உக்கார வெச்சுட்டானுங்களே.

இல்லை, அழுகலை. வார்னிஷ் நெடி. அந்த ஃபேனைத் திருப்பு.

சரி. நான் வர்றேன். சனிக்கிழமை எத்தனை மணி? ஆறா? கடையை நாலு மணிக்குச் சாத்தீர்றேன். தொண்டையைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. காயில் சுத்தறப்ப தெனமும் அந்தப் பாட்டுதான், ஒரு வரி விடாம, ஒரு மோட்டாருக்கு ஏழு தரம் பாடுவேன். மேல போற எடத்துல சுருதி அரைக்கட்டை எறக்கிக்கச் சொல்லு, வயசாயிருச்சில்ல. முடி இல்லைன்னு இப்ப யாரும் கேக்கமாட்டானுங்க, அவனுக்கும் இருக்காது. முதல்ல எந்தப் பாட்டாம்?

ஏன் தலையை ஆட்டறே?

கூப்புட வரலையா?

அப்புறம் எதுக்கு வந்தே? நீ வந்ததுல இருந்து நானே பேசிக்கிட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்றதில்லையா? சொல்ல விடலையா. சரி, இப்பச் சொல்லு. நீ பாடறியா. நீதான் பாடறே. ஓ. நல்லது. நல்லது அம்மிணி, உங்க ஊட்டுப் பாட்டு, நீ பாடு. உங்கப்பன் என்ன சொல்லி அனுப்பினான்? அப்படியே சொல்லு, மாத்தாம.

“கேண்டியைத் தொந்தரவு பண்ணாதே, அவன் வரமாட்டான். அவனுக்கு இந்தப் போட்டோவைக் குடுத்துட்டு, ரெண்டாவது சரணம் மட்டும் கேட்டு எழுதிட்டு வா.”

வரமாட்டான்னு அவனே முடிவு பண்ணீட்டானா? என்னைக் கேக்காம?

பேனாவை எடுக்காதே. உள்ள வை. ரெண்டாவது சரணமெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. இப்பத்தான் ஒரு வரி விடாமன்னு சொன்னேன், ஆமா சொன்னேன். இப்ப மறந்துபோச்சு. வயசான ஆளு, மறக்கும். ரெண்டாவது சரணம் மறந்துபோச்சு, அவன் வந்தாத்தான் ஞாபகம் வரும்னு போய்ச் சொல்லு. பேனா, பேப்பரு, மகள் எதையும் அனுப்ப வேண்டாம். அவனே வந்து எதிர்ல உக்காந்து கேக்கட்டும். உனக்குச் சனிக்கிழமைக்கு வேணுமில்ல, அப்ப அதுக்குள்ள வரச் சொல்லு. சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா... வரலைன்னா ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, ஆனா கடையத் தொறந்து வெச்சிருப்பேன். திங்கக்கிழமையும் இருப்பேன். மத்தியானம் சோத்துக்குக்கூட ஊட்டுக்குப் போகமாட்டேன்னு சொல்லு.